எண்ணெய் விரல் பட்ட இரும்பு

என் பிரியமான அத்தானுக்கு,

குற்றாலத்தில் அருவி நிறைந்து விழுகிறது. தென்காசி வரைக்கும் சாரல். நீங்கள் இல்லாமல் வந்த முதல் சாரல். யாரிடம் கேட்பதென்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் வேலை பார்த்த மரக்கடையில் மரத்தடி தூக்கும் கொக்கி முறிந்ததே, அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. அதை அடித்த வேலாயுத ஆசாரி இரும்பை உலையில் கருக்கிவிட்டார் என்று முதலாளி திங்கட்கிழமை அவரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார். "வரும்போதே சொத்தை இரும்பு தம்பி" என்று ஆசாரி என்னிடம் அழுதார். நீங்களும் அப்படித்தானே சொன்னீர்கள்?

முறிவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டை அறுத்து, அருவிக்கரையில் உடம்பில் எண்ணெய் ஊறும் நேரத்தைச் சும்மா போக்குவானேன் என்று உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் அதைத் தோள்துண்டில் துடைத்து, "மாப்ளே, மூஞ்சி தெரியுது பாரு" என்று நீட்டினீர்கள். அந்த வாரமே விஷக்காய்ச்சல். காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம், உங்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

போன வாரம்தான் துண்டுக்குத் திராவகம் தடவினேன். உள்ளே இரும்பின் மணிகள் பெருத்திருந்தால் உலையின் தப்பு. கறுப்புக் கோடாய்க் கசடு ஓடினால் இரும்பின் தப்பு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மணியுமில்லை, கசடுமில்லை. முறிந்த ஓரத்தில் திராவகம் பிடிக்காத வெள்ளை வரிகள் வளைந்து வளைந்து போயின. இது என்ன இரும்பு? எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு நாள் படம் வரைந்து மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அக்கா காப்பி கொண்டுவந்தவள் துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஏலே, இது அவுக பெருவெரலுல்லா! உளி வெட்டுன தழும்பப் பாரு."

உங்கள் எண்ணெய் விரல் பட்ட இடத்தில் திராவகம் பிடிக்காமல், உள்ளே இருப்பதை மறைத்திருக்கிறது. ஸ்பிரிட்டில் கழுவிய நினைவுதான் இருக்கிறது. சரியாகக் கழுவவில்லையோ?

மறுபடி தேய்த்தால்தான் உண்மை தெரியும். தேய்த்தால் விரல் போய்விடும். வேறு துண்டும் இல்லை. சண்டைக்காலம், இரும்புக்குக் கிராக்கி; மிச்சக் கொக்கியெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. நான் என்ன செய்வேன் அத்தான்? உங்களைத் தேய்த்துப் போடவா?

"தேச்சா போயிருமாலே?" என்றாள் அக்கா.

"போயிரும்க்கா."

"வெரல வைக்கவா அவுக குடுத்தாக? ஆசாரிக்காவத்தானே குடுத்தாக. நாளைக்குத் தேயி. இன்னிக்கு எங்கிட்ட இருக்கட்டும்" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவளுக்கு இருக்கும் தெளிவு எனக்கு இல்லை. ஆசாரியின் தப்பென்றே வந்துவிட்டால்? விரலும் போய், நீங்கள் சொன்னதும் பொய்யாகிவிட்டால்? ஆனாலும் நாளைக் காலையில் தேய்ப்பேன். எது தெரிகிறதோ அதையே முதலாளியிடம் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இந்தத் தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, துண்டை ஓரத்தில்தான் பிடிப்பேன்.

உங்கள் மச்சினன்,
சங்கரன்