கழுவிய கல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன். ஒரு கல் ஒட்டகம் போலத் தண்ணீர் குடிக்கிறதாம்.

எங்கள் எண்ணெய் வயலின் நிலத்தடிப் பாறை முழுக்க விரிசல். விரிசல்கள் தெருக்கள், எண்ணெய் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது. ஒரு கிணற்றில் தண்ணீரை அழுத்தினால், பாறைக்குப் பிடித்திருந்தால் அதை உறிஞ்சிக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளும். பிடிக்காவிட்டால் தண்ணீர் தெருவோடு ஓடி அடுத்த கிணற்றில் எட்டிப் பார்க்கும். வயல் பாழ், எங்கள் பிழைப்பும் பாழ். எது நடக்கும் என்று கணினியில் முன்கூட்டிச் சொல்வது, மூவேந்தரும் பொறாமைப்படும் என் உத்தியோகம்.

ஆய்வகத்தில் கல்லைச் சோதிப்பவள் என் அக்கா மகள். கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அவள் தந்த அளவைக் கணினியில் போட்டால் எண்ணெய் ஆறாக ஓடுகிறது. ஓடலாமா?

மார்ச் 5

ஓடக்கூடாது. இந்த வட்டாரத்தில் எந்தக் கல்லும் இவ்வளவு குடித்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

மேலாளர் ஆய்வகத்துக்கே வந்து அவளைப் பாராட்டினார். திங்கட்கிழமை கிணற்றில் தண்ணீர் விடலாமாம். அவள் சிரித்தாள். பதவி உயர்வு நேரத்துச் சிரிப்பு. அளவைக் கூட்டிப் போட்டிருப்பாளோ? சீட்டாட்டத்தில் என் அக்கா செய்யாத தில்லுமுல்லு இல்லை. ரத்தம் பேசாதா?

மார்ச் 7, வெள்ளி

கல்லைப் பார்க்கப் போனேன்.

"என்ன மாமா, துப்பறிய வந்தீங்களா?"

"சும்மா பாத்துட்டுப் போறேன்மா."

"சும்மா பாக்குற மூஞ்சி இல்லையே இது."

முகர்ந்தேன். என் மூக்கு ஏழு கடல் தாண்டிப் புகழ்பெற்றது. யுகயுகமாக எண்ணெயில் ஊறிய கல்லில் வாசனையே இல்லை.

"என்ன பண்ணின இத?"

"நல்லாக் கழுவி, காயவச்சு, புது எண்ணெய் ஏத்தினேன். அழுக்கோடவா சோதிப்பாங்க?"

அளவை அவள் தொடவில்லை. கல்லின் குணத்தையே கழுவிவிட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாறை தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தேய்த்துக் குளிப்பாட்டினால் அதே பாறை குடம் குடமாகக் குடிக்கும்.

பூமியிலிருந்து எடுத்தபடியே மெழுகு பூசி வைத்த துண்டு ஒன்று அலமாரியில் இருந்தது. "மெழுக மட்டும் எடுத்துட்டு, கழுவாம தண்ணியில போடு," என்றேன். அவள் முகம் வெளுத்தது. தெரியாமல் செய்ததா — நடிப்பா?

மார்ச் 9, ஞாயிறு

கல் குவளைத் தண்ணீரில் கிடக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய்கூட விடவில்லை. அவள் குவளையை நைசாகக் கவிழ்த்து ஆதாரத்தை அழித்துவிட்டால்? ஆய்வகச் சாவியை நானே எடுத்துவந்துவிட்டேன். மாமன் செய்யும் வேலையா இது?

மார்ச் 10, திங்கள்

நான் போவதற்குள் அவள் மேலாளர் அறைக்குள் இருந்தாள். கதவு திறந்திருந்தது.

"என் அளவ நம்பாதீங்க சார். கல்லக் கழுவிட்டேன். தப்பு என்னோடது."

"எல்லாம் தயாரா இருக்கேம்மா."

"இருக்கட்டும் சார். உள்ள விட்ட தண்ணியத் திருப்பி எடுக்க முடியாது."

தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். நான் சாவியோடு வாசலில் நின்றேன்.

மார்ச் 14, வெள்ளி

கழுவாத கல்லின் அளவைப் போட்டேன். கணினியில் தண்ணீர் நேரே அடுத்த கிணற்றுக்கு ஓடிற்று. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்கு.

அக்கா போனில் விசாரித்தாள். பிளந்த பாறைக்குள் நான் குதித்து, வெள்ளத்தை ஒற்றைக் கையால் மறித்தேன் என்று சொல்லிவைத்தேன். அத்தனையும் புளுகு, என் மூக்கின் புகழும் அப்படித்தான். எனக்கு முன்னால் அக்கா மகள் மேலாளர் அறைக்குள் போனாள் — அது மட்டும் நிஜம்.