அம்மாவின் மஞ்சள் இறங்கட்டும்

மல்லசமுத்திரம்
14.11.87

அன்பு மகள் மயிலம்மாளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பிலாயில் நோய்நொடி இல்லாமல் இருக்க அர்த்தநாரீசுவரர் துணை. இங்கே நான் சுகம். அம்மாவைப் பற்றி அப்படி எழுதத்தான் கை வரவில்லை சாமி.

அவளுக்குக் காமாலை என்று முன்பே எழுதியிருந்தேன். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம் வைத்தும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது, உடம்பெல்லாம் அரிப்பு, தூக்கமில்லை. சேலத்தில் காட்டியதற்குப் பித்தம் இறங்குகிற குழாயில் அடைப்பு என்றார்கள். புற்றுநோயா என்று பார்க்க மெட்ராசுக்கு ரத்தம் அனுப்பினார்கள், புற்று இருந்தால் ஏறுகிற கணக்கு இருக்க வேண்டியதைப்போல் பத்து மடங்கு என்று வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்த அம்மாவின் தம்பி, உன் மாமா சின்னண்ணனிடம் சொல்லித் தொலைத்தேன். அந்த மனுசன் மறுநாளே தூக்குப்போசி நிறைய நாட்டுக்கோழிக் குழம்போடு வந்து, ஆசப்பட்டதத் தின்னுக்கா, இனிப் பத்தியமெல்லாம் எதுக்கு என்று கண்ணைத் துடைத்தார். காமாலைக்காரிக்குக் கோழிக்குழம்பு எப்போது ஊற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் பெரியம்மாவுக்குக் கடைசியில் இப்படித்தான் ஊற்றினார்கள். ஒரு வாய் தொடவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பித்தம் அடைத்து மஞ்சள் ஏறியிருக்கும்போது அந்த ரத்தக் கணக்கும் கூடவே ஏறுமாம், வெறும் கல் அடைத்திருந்தாலும் ஏறுமாம், அதை வைத்து இன்னதென்று சொல்ல முடியாதாம். ஆபரேசன் செய்து அடைப்பை எடுத்து, மஞ்சள் இறங்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் கணக்கு இறங்காவிட்டால்தான் பயம் என்றார். புற்று இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் உன் அம்மா, போறவள எதுக்குங்க அறுக்கறீங்க, ஊட்லயே உட்ருங்க என்று ஒரே பிடிவாதம். கத்தியும் பார்த்தேன், கும்பிட்டும் பார்த்தேன். நாள் போகப்போக அவள் உடம்பு தாங்காது என்கிறார் டாக்டர். நான் என்னதான் செய்வது?

உடனே கிளம்பத் துடிப்பாய். வராதே கண்ணு. நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத்தான் தெம்பு, ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து நீ வந்து நின்றால் அவள் முடிவே கட்டிவிடுவாள். அவள் பெயருக்கு ஒரு கடிதம் போடு, நோவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பையன் செய்கிற சேட்டையை எழுது, தை பிறந்ததும் வந்து ஒரு மாசம் அவனைப் பார்த்துக்கொள்ளணும் என்று சண்டை பிடி. தை மாசம் தனக்கும் உண்டு என்று நினைத்தாளானால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள்.

பிள்ளையைக் குளிரில் வெளியே விடாதே. மூன்று பேரும் நன்றாயிருங்கள். ஒன்று மறக்காதே சாமி, நீ எழுதுவதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும், என் குரல் உடைகிற மாதிரி எதையும் எழுதிவிடாதே.

உன் அப்பா
வெள்ளியங்கிரி