சனிக்கிழமைப் படகு

குன்னூர்
4.6.2025

அன்புத் தம்பி வினோத்துக்கு,

இதையெல்லாம் போனில் பேச முடியாது. முன் போர்ஷனில் மருதாம்பாள் பெரியம்மா இருக்கிறார். நான் "ஹலோ" என்றதும் அங்கே டிவி சத்தம் குறைந்துவிடுகிறது. அதனால் டிராவல்ஸ் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். சீசன் முடிந்த களைப்பில் முதலாளி மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்விட்டார். வாசலில் ஒரு காட்டெருமை குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது நகர்ந்தால்தான் எனக்கு டீ.

கல்யாணம் ஸ்காட்லாந்தில் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை குன்னூர், பெண் ஈரோடு, முகூர்த்தம் மட்டும் எதற்கடா இன்வர்னஸ் பக்கத்துக் கோட்டையில்? நீயும் சுவாதியும் அங்கே வேலை பார்க்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலை, மூடுபனி, ஏரி, புகை விடும் ரயில் என்று நீலகிரிக்காரர்களுக்குக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை இல்லையா?

பெரியம்மாவுக்கு ஒரே குஷி. "ஏங்கண்ணு, அந்த ஏரிக்குள்ள ஏதோ பிராணி இருக்குதாமா, கடிக்குமா?" என்று தினம் ஒரு தடவை கேட்கிறார். பெட்போர்டு கடையில் போய் ஸ்வெட்டர்கூட வாங்கியாயிற்று. ஆயுசு முழுக்கக் குன்னூரில் இருந்தவருக்கு இப்போதுதான் குளிர் ஞாபகம் வந்திருக்கிறது.

விருந்தாளிகளுக்கு நீ போட்ட ஒரு வார ஊர்சுற்றலைப் பார்த்தேன். கேட்டாய், சொல்கிறேன். விமானத்தை விட்டு இறங்கியதும் எடின்பரோ கோட்டையில் ஏறச் சொல்லாதே. நம் ஆட்கள் முதல் நாள் கேட்பது படுக்கையும் ரசமும்தான். ஒரே நாளில் இரண்டு ஏரி வைக்காதே. இரண்டாவது ஏரியில் ஒருத்தரும் வண்டியை விட்டு இறங்கமாட்டார்கள், பைக்காராவில் நான் பார்க்காததா? வளைவு ரோட்டுக்கு முன்னால் சாப்பாடு கூடாது. விஸ்கி காய்ச்சும் இடத்தைத் "தொழிற்சாலை பார்வையிடல்" என்று போடு. சித்தப்பாமார் புரிந்துகொள்வார்கள்.

நான் வருவது பற்றிக் கேட்டிருந்தாய். ஆகஸ்ட் கடைசியில் ஓணம் கூட்டம் ஆரம்பித்துவிடும். கேரளா வண்டி எல்லாம் இங்கேதான் நிற்கும். லீவு கிடைப்பது கஷ்டம். பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா பூங்கோதை


எடின்பரோ
7.6.2025

அன்புள்ள அக்கா,

காட்டெருமை நகர்ந்ததா, டீ கிடைத்ததா?

நீ சொன்ன எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அப்புறம் சுவாதி சொன்னாள், "இவ்வளவு தெரிந்தவர் இருக்கும்போது நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்" என்று. முழு வாரத்தையும் நீயே போட்டுக்கொடு. பஸ்காரர், படகுக்காரர், சமையல்காரர் எல்லோருடைய மெயில் முகவரியும் கீழே இருக்கிறது. நீயே பேசு. உன் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியும், அவர்களுடையதுதான் எனக்கே புரிவதில்லை.

ஏன் ஸ்காட்லாந்து என்றால், சுவாதிக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்வேன்.

"பார்க்கலாம்" என்று எழுதாதே. வேண்டாம் என்பதற்கு அம்மா சொன்ன வார்த்தை அது. நீ வராமல் எனக்குக் கல்யாணம் இல்லை, அக்கா. விசாவுக்கு எழுதிப் போட்டாயா? பாஸ்போர்ட் எங்கே?

உன்
வினோத்


குன்னூர்
22.6.2025

அன்புத் தம்பிக்கு,

பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது, என் வீட்டுக்காரருடைய வெலிங்டன் ஆபீஸ் பேப்பர்களுக்கு அடியில். சிங்கப்பூர் போகலாம் என்று அவர் இருந்தபோது எடுத்துக்கொடுத்தது. மூன்று வருஷமாக நான் அந்தத் தட்டைத் திறப்பதில்லை. திறக்கிறேன். அவசரப்படுத்தாதே.

வாரத்தைப் போட்டுவிட்டேன். திங்கள் தூக்கம், செவ்வாய் எடின்பரோ, புதன் பஸ்ஸில் வடக்கே, வியாழன் தொழிற்சாலை, வெள்ளி புகை ரயில், ஞாயிறு முகூர்த்தம். ராத்திரி ஏதாவது ஒன்று தோன்றி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். வீல்சேர் சொன்னோமா, தயிருக்கு என்ன செய்வார்கள், மழை வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று. முதலாளி கேட்டார், "ஏம்மா, கல்யாணம் உன் தம்பிக்கா உனக்கா?"

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இணைச்சீர் எப்போது? நீ அனுப்பியதில் அது எங்கேயும் இல்லை. கூடப் பிறந்தவள் பேழைமூடிக் கூடையோடு மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, கூறைச்சேலையின் ஒரு முனை அவள் தோளிலும் மறுமுனை அவன் கையிலுமாக நிற்காமல் நம் வீட்டில் எந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது? சீர் செய்துவைக்கக் காங்கேயத்திலிருந்து அருமைக்காரர் ஐயாவை விமானம் ஏற்றுகிறாய், சீருக்கு நேரம் வைக்கவில்லை.

தன் மகள் செல்வி நிற்பாள் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். சரிதான். செல்விக்குப் பட்டுச்சேலை எடுப்பாக இருக்கும். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் எழுது, பஸ்ஸை அதற்குத் தகுந்த மாதிரி வைக்க வேண்டும்.

அக்கா


எடின்பரோ
24.6.2025

அன்புள்ள அக்கா,

இணைச்சீரை என்னிடம் விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலியாகத்தானே இருக்கிறது? அன்றைக்கு ஏரியில் படகு போட்டுவிடு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்க வேண்டும், அந்த மாதிரி பெரிய படகு. எல்லோரும் போகட்டும். பெயர்ப் பட்டியல் இதோடு வைத்திருக்கிறேன். கூடப் போகும் வீட்டு ஆளாக உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஆபீஸில் கூப்பிடுகிறார்கள். மற்றதை நேரில் பேசுவோம். பாஸ்போர்ட்?

வினோத்


குன்னூர்
1.7.2025

வினோத்துக்கு,

படகுக்காரரிடம் அனுப்புவதற்காகப் பட்டியலைச் சரிபார்த்தேன். பெரியம்மா, சித்தப்பாமார், சுவாதி வீட்டார் எல்லோரும் இருக்கிறார்கள். இல்லாதது மூன்று பெயர். நீ, சுவாதி, அருமைக்காரர் ஐயா.

நான் டிராவல்ஸில் வேலை பார்க்கிறவள் வினோத். கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்தாளிகளை முழுநாள் தண்ணீரில் விடுகிறவன் உலகத்தில் கிடையாது. அன்றைக்குத்தான் சீர். செல்வி பெயரைப் பட்டியலில் போட்டால் எனக்குத் தெரியாதா? ஊட்டி போட் ஹவுஸில் மிதிபடகில் காலை வைத்ததுமே வாந்தி எடுத்தவள் அவள். ஏறமாட்டாள். கரையில் நிற்பாள், கூடையை எடுப்பாள். நான் ஏரி நடுவில் ஆள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

கோத்தகிரியில் சித்தப்பா மகன் கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும். என் வீட்டுக்காரர் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வரச்சொன்னார்களே என்று பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். மேளக்காரர் சீருக்கு எழுந்த நேரம் பார்த்துப் பெரியம்மா வந்து தோளில் கை வைத்தார். "பந்திய ஆராச்சும் பாக்கோணுமல்லோ கண்ணு, நீ போய் நில்லு." போய் நின்றேன். மேளச் சத்தம் பந்திவரைக்கும் கேட்டது. சாம்பார் ஊற்றுகிறவரிடம் உப்புக் குறைச்சல் என்று சண்டை போட்டேன், உப்பு சரியாகத்தான் இருந்தது.

பெரியம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அப்படியே பார்த்து வளர்ந்தவர். ஆனால் அன்றைக்கு நீ சீரைப் பார்க்காமல் எழுந்து வந்து, ஆளில்லாத பந்தியில் உட்கார்ந்து, "அக்கா, எனக்கு இலை போடு" என்றாய். அதனால் நீ வேறு என்று நினைத்துவிட்டேன். இப்போது நீயும் எனக்கு ஒரு பந்தி கண்டுபிடித்துவிட்டாய், தண்ணீர் மேலே.

வேலை வேலைதான். பஸ், படகு, தயிர் எல்லாம் குறையில்லாமல் முடித்துத் தருவேன். நான் வரவில்லை. பாஸ்போர்ட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

பூங்கோதை


எடின்பரோ
1.7.2025

அக்கா,

படகு உனக்கில்லை. படகு பெரியம்மாவுக்கு.

நீ அதில் ஏறவே போவதில்லை. சனிக்கிழமை காலையில் தலைவலி என்று நீ படுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் பஸ் ஏறிப் போனதும் கூடத்தில் நான், நீ, சுவாதி, ஐயா. இணைச்சீர் முடிந்த பிறகு அவர்கள் இறங்கி வருவார்கள், வந்து என்ன சொன்னாலும் ஆனது ஆனதுதான். பட்டியலில் உன் பெயரைப் போட்டது பெரியம்மாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்க. செல்விக்கு வாந்தி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்றுக்கு இரண்டாக.

ஐயாவிடம் காங்கேயத்துக்குப் போன் செய்து கேட்டேன். "கூடப் பொறந்தவதானுங் தம்பி நிக்கோணும், அதுல என்னுங் இருக்குது" என்றார். போனை வைக்கும் முன்னால், "ஆனா மருதாம்பாள் அம்மிணி முன்னால எனக்கு வாய் வராதுங்" என்றும் சொன்னார்.

எனக்கும் வராது அக்கா. அம்மா போன பிறகு நமக்குச் சோறு போட்டவர். அவர் முகத்துக்கு நேராக நின்று பேச எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் உன்னைத் தவிர வேறு யாரும் என் பக்கத்தில் நிற்பதையும் என்னால் பார்க்க முடியாது. கோத்தகிரியில் நீ போட்ட இலையைப் பாதியிலேயே மூடிவிட்டு எழுந்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் கல்யாணம் அந்த மண்டபங்கள் எதிலும் இல்லை என்று.

ஏன் ஸ்காட்லாந்து என்று கேட்டாயே. ஊட்டி ஏரியில் படகு அரைமணியில் கரைக்கு வந்துவிடும்.

சுவாதிக்கு எல்லாம் தெரியும். பேழைமூடிக் கூடை தேடி அலைகிறாள். இங்கே கிடைப்பதெல்லாம் பூனை படுக்கிற கூடையாக இருக்கிறது. வந்துவிடு அக்கா. தலைவலி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வினோத்


குன்னூர்
12.7.2025

என் தம்பி வினோத்துக்கு,

உன் மெயிலைப் படித்துவிட்டு ஆபீஸில் உட்கார முடியவில்லை. தூறலில் சிம்ஸ் பார்க் கேட்வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். அழுதேன். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி மற்றதைக் கேள்.

நீ சொன்னபடி செய்து பார்த்தேன், மனதுக்குள்தான். போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். பெரியம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தைலம் தேய்த்துவிட்டுப் போகிறார். தேய்க்காமல் போகமாட்டார், உனக்குத் தெரியும். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டு எழுந்து, தைல வாசனையோடு பட்டுச்சேலை கட்டுகிறேன். அதற்கு மேல் எனக்குப் போகவில்லை. திருட்டுத்தனமாக உனக்கு அக்காவாக நிற்க என்னால் முடியாது வினோத். பந்தியில் நின்றதாவது நாலு பேர் பார்க்க நின்றேன்.

அதனால் நானே போய்ச் சொல்லிவிட்டேன். பெரியம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நாலு காய் உரித்தேன். அப்புறம், "பெரியம்மா, வினோத்துக்கு இணைச்சீருக்கு நாந்தானுங்க நிக்கிறேன். சனிக்கிழமை காலைல. நீங்க முன்னால உக்காந்து பாக்கோணும்" என்றேன்.

"ஊரு என்ன கண்ணு சொல்லும்?"

"பாதி ஊரு நம்மகூடத்தான வருது பெரியம்மா, அங்கயே கேட்டுக்கலாமுங்க."

"அவன் நல்லா இருக்கோணும்னுதான சாமி நான் பாக்கறேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "நானும் அதுக்குத்தானுங்க நிக்கிறேன்" என்றேன். அவர் எழுந்து உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. பயணத்துக்கு வரவில்லை என்று செல்வியிடம் சொல்லி அனுப்பினார். ஸ்வெட்டரைக் கடையில் திருப்பிக் கொடுக்கப்போகிறாராம். பை வாசல் ஆணியில் தொங்குகிறது, நான் ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் கொடுக்கட்டும். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டேன்.

படகை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். படகுக்காரர் நல்ல மனிதர், ஒரு மெயிலில் சரி என்றார். புகை ரயிலை எடுத்துவிட்டேன், நம்மிடமே ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை யாருக்கும் எந்த ஊர்சுற்றலும் கிடையாது. எல்லோரும் கூடத்தில் இருக்க வேண்டும். செல்வி உட்பட. மாத்திரையைத் தூக்கிப் போடு, அவள் வெள்ளிக்கிழமையும் கரையிலேயே நிற்கட்டும்.

பேழைமூடிக்குக் காங்கேயத்தில் சொல்லியாயிற்று, ஐயா கையில் வரும். பூனைக் கூடையைப் பூனைக்கே கொடுக்கச் சொல் சுவாதியிடம். பீரோவைத் திறந்தேன். நேற்று சென்னை போய் விசாவுக்குக் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பச்சைப் பட்டைத்தான் கட்டப்போகிறேன், புதிது எடுக்காதே.

முன்வரிசையில் பெரியம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு வை. அவர் வராவிட்டாலும் அதை எடுக்காதே, வேறு யாரையும் உட்கார விடாதே. சேலை முனையை உன் கையில் கொடுக்கும்போது நான் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். ஓணம் கூட்டத்தை அவரே பார்த்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை எனக்குத் தலைவலி வராது.

உன் கூடப்பிறந்த
பூங்கோதை