வெள்ளிக்கிழமைத் தகரம்

ஜூன் 21, வெள்ளி

மிருதங்கம் கேட்டேன். அதற்கெல்லாம் வழியில்லை என்றார் தலைமையாசிரியை. பழைய எண்ணெய் டின்களைக் கழுவிக் கொண்டுபோனேன். மூன்றாம் வகுப்புக்கு இன்று நாலெண்ணிக்கை: தகதிமி. தட்டத் தொடங்கிய சற்று நேரத்தில் எஸ்டேட் சூப்பர்வைசர் தங்கையா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“டீச்சர், கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க கூடையைப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டாங்க! இங்க தகரம் தட்டுனா காட்டெருமை எறங்கிருச்சுன்னு அர்த்தம்.”

கோயமுத்தூர்க்காரி எனக்கு இது எப்படித் தெரியும்?

ஜூன் 25, செவ்வாய்

வழி கிடைத்தது. வெள்ளி மதியம் கேட்பது பள்ளிக்கூடத்துத் தகரம், யாரும் ஓட வேண்டாம் என்று பிள்ளைகளே வீட்டில் சொல்லிவிட வேண்டும். தங்கையாவும் சரி என்றார்.

ஜூலை 5, வெள்ளி

இன்று மூன்றெண்ணிக்கை. மற்றவர்கள் நாலாவதையும் தட்டிவிட்டு நாக்கைக் கடிக்கிறார்கள். ஸ்வேதாவுக்கு மட்டும் தகிட பிசகவில்லை. அழைத்துப்போக வந்த அவள் அம்மா காத்தாயி சொன்னாள்: “சோத்துத் தட்டையும் விட மாட்டேங்கிறா டீச்சர். ஒருநாள் காட்டெருமையே உங்ககிட்ட படிக்க வந்து நிக்கும், பாருங்க.”

சிரித்தோம்.

ஜூலை 26, வெள்ளி

விடுப்பு. ஊட்டியில் பல் வைத்தியர்.

ஜூலை 27, சனி

காத்தாயி இறந்துவிட்டாள்.

நேற்று மதியம் மேல் சரிவில் நல்ல பனிமூட்டம். காட்டெருமையைப் பார்த்த வாட்ச்மேன் விடாமல் தகரம் தட்டியிருக்கிறார். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் நிமிரவில்லை. கடைசி வரிசையில் நின்றவள் காத்தாயி. குன்னூர் போகும் ஜீப்பிலேயே—

தங்கையா அழுதார். “நல்லா கேட்டுச்சு டீச்சர். வெள்ளிக்கெழமைதானே, வேலையைப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன்.”

நான் விடுப்பு என்று தலைமையாசிரியைக்குத் தெரியும். தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஜூலை 29, திங்கள்

டின்களைப் பள்ளியிலிருந்து அப்புறப்படுத்தினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஸ்வேதா வந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், ‘அது நாங்கதான், ஓடாதே’ன்னு அம்மாகிட்ட நான்தானே சொன்னேன்?”

“நீ இல்ல சாமி. நான்தான் சொல்லச் சொன்னேன்.”

தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பினாளா?

ஆகஸ்ட் 23, வெள்ளி

கணக்குப் பாடம். மேலே எங்கோ தகரச் சத்தம். பிள்ளைகள் அசையவில்லை, எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். கையில் சாக்பீஸ் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகே ஸ்வேதா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.