விதண்டாவாதம் என்று நான் குத்திய முத்திரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுத வேண்டிய இடம் இது, ஆனால் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. உனக்குச் சளி பிடித்திருக்கிறது, புது அறையின் ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை, அதற்காக வீட்டுக்காரம்மாவோடு மல்லுக்கு நின்றாய், எல்லாம் எனக்குத் தெரியும். உன் சித்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து நம் வீட்டு சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டு உன் ஒன்பது பக்கக் கடிதத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினாள். நல்ல இடம் வரும்போதெல்லாம் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இவளுக்கு என்ன வாய் பாருக்கா, என்னையே மடக்கறா பாரேன் என்று ஒரு சிரிப்பு. முடித்துவிட்டு, உனக்கும் எழுதியிருப்பாளே என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள். எழுதியிருக்கா எழுதியிருக்கா என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். நீ எனக்கு எழுதியது ஏழு வரி. நலம், வேலை அதிகம், அப்பாவை மாத்திரை போடச் சொல்லு. போனில் பேசினாலும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, அதோடு சரி. வயிறு எரிகிறதடி எனக்கு. அவளுக்கு ஒன்பது பக்கச் சண்டை, எனக்கு ஏழு வரி மரியாதையா?

அதுகூடப் போகட்டும். உன் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது, அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள், இருப்பதா திரும்புவதா என்று மாதக் கடைசிக்குள் நீ சொல்லியாக வேண்டும் என்பதையும் நான் அவள் வாயால்தான் கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வந்துடு என்று அவள் எழுதினாளாம், அதற்கு நீ நாலு பக்கம் அவளைப் பிய்த்து எடுத்திருக்கிறாய். கேட்கக் கேட்க எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. நீ திரும்பி வருவதும் வராததும் அப்புறம், அந்தச் சண்டையை நீ என்னோடல்லவா போட்டிருக்க வேண்டும்? அவள் உன்னைப் பத்து மாதம் சுமந்தாளா, பல் முளைக்கும்போது கடி வாங்கினாளா? அப்பாவிடம் புலம்பினேன். அவர் பேப்பரைக் கீழே இறக்காமலே, நீதானே அவ வாயை மூட வெச்சே என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. உப்புப் போட்டேனா என்றுகூட அவருக்குச் சொல்லவில்லை, தின்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் எதைச் சொன்னார் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டில் சத்தம் கூடினால் பேச்சை நிறுத்திவிட்டுத் தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைப்பது நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே பழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வேலை உனக்குக் கிடைத்தபோது நான் வேண்டாம் வேண்டாம் என்று குதித்தேன், நீ ஆறு பக்கம் எழுதி வைத்தாய். அதை மத்தியானச் சாப்பாட்டுப் பையில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன், நிதானமாகப் படிக்கலாம் என்று. இரண்டாவது பக்கத்தில், நீ ஒரு காரணம் விழுந்தா அடுத்த காரணத்தைத் தூக்கிட்டு வரே அம்மா என்று இருந்தது பார், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மேசைமேல் முத்திரை இருந்தது, மை இருந்தது, குத்தினேன். விதண்டாவாதம், பதில் தேவையில்லை. சாயங்காலம் அப்படியே மேசைமேல் வைத்தேன். நீ பார்த்தாய், தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாய். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட, வாயடைத்துவிட்டோம் என்று. நீ விட்டுப்போன அந்தக் கடிதத்தை மின்சார பில்லோடு சேர்த்து இழுப்பறைக்குள் போட்டேன். அன்றிலிருந்து நீ என்னோடு சண்டை போடுவதே இல்லை.

இப்போது அலுவலகக் கதையைக் கேள். பேருந்துப் புகார்ப் பிரிவில் என் மேசையில் மூன்று ரப்பர் முத்திரை உண்டு. நடவடிக்கைக்கு, தகவலுக்கு, மூன்றாவதாக இந்த விதண்டாவாதம். எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் ஏதோ விளையாட்டாகச் செய்யச் சொன்னது, நான் பத்து வருஷமாக வினையாகவே குத்திக்கொண்டிருந்தேன். யாராவது காரசாரமாக எழுதினால் போதும், டப். பச்சை மைக்காரர் என்று ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, எல்லாக் கடிதத்தையும் பச்சை மையில் எழுதுகிறவர், உங்கள் ஓட்டுநர்களுக்குக் கண் இருக்கிறதா, அதிகாரிகளுக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு உறுப்பாகத் தேடுவார். பதினோரு கடிதம், பதினோரு முத்திரை. உண்மையைச் சொல்கிறேன், சில நாள் அவர் கடிதத்தைப் பார்த்தால்கூட எனக்குச் சந்தோஷம், இந்த உலகத்தில் எனக்கு விடாமல் நீளமாக எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். போன மாதம் புது மேலதிகாரி வந்தாள், உன் வயதுதான் இருக்கும். அவருடைய கடிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, இதுல நாலாவது பக்கம் படிச்சீங்களா மேடம் என்று கேட்டாள். அங்கேயே நின்றபடி புரட்டினேன். நாலாவது பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார், என் மனைவி வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், பேருந்து அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது, ஆனால் இரண்டு தெரு தள்ளித்தான் நிற்கிறது, வாசலிலேயே நிறுத்த வேண்டும். பதினோரு கடிதத்திலும் அதே நாலாவது பக்கம். மேலதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. இவர் திட்டறார், சரி, ஆனா இவருக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, ஒண்ணு வேணும்னு கேக்கறார், தன் பக்கம் என்னன்னு சொல்லாமலே அடுத்தவங்க சொல்றதை எல்லாம் இல்லை இல்லைன்னு அடிச்சுக்கிட்டே போறதுக்குத்தான் விதண்டாவாதம்னு பேரு, கோபமா எழுதினா அது கோபம், அவ்வளவுதான் என்றாள். ஒன்றாம் தேதியிலிருந்து அந்த வாசலில் பேருந்து நிற்கிறது. இந்த லட்சணத்துக்குப் பதினோரு கடிதமா என்று கேட்டு அவர் பன்னிரண்டாவது கடிதமும் போட்டுவிட்டார், அதை நான் முழுசாகப் படித்தேன். அவர் கேட்டது நியாயம்தான்.

சித்தி வந்துபோன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இழுப்பறையைக் குடைந்து உன் கடிதத்தை எடுத்தேன். எல்லாம் இருந்தது. அங்கே குளிர் என்றேன், அதற்கு உன் பதில். தனியாக ஒரு பெண் என்றேன், அதற்குப் பதில். அப்பாவின் ரத்தக் கொதிப்பு, வேலை நிரந்தரமில்லை, வாடகை அதிகம், நான் இழுத்து வந்த ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறாய். நீ ஒன்று கேட்டாய், போக வேண்டும் என்று. எனக்குத்தான் சொல்வதற்கு ஒரு பக்கம் இல்லை, இல்லை இல்லை என்று அடித்துக்கொண்டே போனேன். அந்தப் பேர் எனக்குத்தான் பொருத்தம், குத்தியது உன்மேல். கடைசியில் ஆறாவது பக்கம். அம்மா, இதுல எதுவுமே உன் நிஜக் காரணம் இல்லைன்னு எனக்குத் தோணுது, நிஜத்தைச் சொல்லு, ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணலாம், வெள்ளிக்கிழமை வரைக்கும் கையெழுத்துப் போடாம வெச்சிருக்கேன். நான் முத்திரை குத்தியது புதன்கிழமை. நீ இன்னும் இரண்டு நாள் காத்திருந்திருக்கிறாய், ஒரே மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. பாவி நான், படிக்கவே இல்லையடி.

மூன்று வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. உன் வயதில் எனக்கும் வேறு ஊரில் பதவி உயர்வு வந்தது, பயந்துபோய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் பயந்த காரியத்துக்கு நீ பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டி அடுக்கினாய், என்னால் தாங்க முடியவில்லை. பெற்ற பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுவாளா ஒருத்தி என்று நினைத்தால் நினைத்துக்கொள், பட்டேன். அதைவிடப் பெரிய காரணம், நீ இல்லாமல் இந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். திரும்பி வந்துவிடு, எனக்கு நீ வேண்டும். இந்தத் தடவை குளிரையும் வாடகையையும் இழுக்க மாட்டேன், அப்பாவின் ரத்தக் கொதிப்பு போன மாதம் சரியாகத்தான் இருந்தது. என் பக்கம் இவ்வளவுதான், நொண்டிப் பக்கம் என்று எனக்கே தெரிகிறது. சித்தியைப் பிய்த்தாயே, அதைவிட ஒரு மடங்கு கூடவே என்னைப் பிய்த்து எழுது, குறைத்தால் அதற்கும் பொறாமைப்படுவேன். அதன்பிறகு உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்.

சளிக்கு ஆவி பிடி, ஜன்னல் இடுக்கில் ஒரு பழைய துணியையாவது வைத்து அடை, வீட்டுக்காரம்மாவை விடாதே. உடம்புக்கு ஒன்றும் வராமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, மனசு நிறைந்து நூறு வயசு நன்றாக இரு. அப்பாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொன்னார். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, உன் முடிவை ஏழு வரியில் எழுதி அனுப்பாதே. வரவில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுது, அழுவேன், ஆனால் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் அழுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா