ஒரு காது மடிந்த முயல்

தோகாமாச்சி
17 ஜனவரி 1983

அன்பு மகள் ஃபுமிக்கு,

நலமா? இங்கே ஜன்னலில் பாதி வரைக்கும் பனி. காலையில் கூரை மேல் ஏறி இரண்டு தடவை தள்ளினேன். என் இடுப்பைப் பற்றிக் கேட்காதே, அது அதன் பாட்டுக்கு இருக்கிறது.

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். முயல் எங்கே?

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகக் காணோம். 'மேகத் தெரு நீர்நாய்கள்' கார்ட்டூன் தொடங்கினால் போதும், கயோ டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துவிடுகிறாள். நீர்நாய்க் குடும்பம் பறக்கும் கெண்டியில் ஏறித் தபால் கொடுக்கப் போவதையா பார்க்கிறாள்? திரைச்சீலை, டீக்கோப்பை, கடைப் பலகை என்று அவள் கண் மூலை முடுக்கெல்லாம் ஓடுகிறது. ஒரு காது மடிந்த அவள் பொம்மை முயலை, அவள் அம்மா நீ டோக்கியோவில் உட்கார்ந்து வாரம் ஒரு தடவை எங்காவது ஒளித்து வரைகிறாய் என்று அவளுக்குத் தெரியும். ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்த முயல்தான் அம்மா.

கடைசியில் ஓடும் பெயர்களிலும் உன் பெயர் இல்லை. எழுந்து நின்று படித்தேன். பொதுக் குளியல் கூடத்தில் மீன்காரி தோமே எல்லார் முன்னாலும், "என்னக்கா, மக பேரைக் கழுவி விட்டுட்டாங்களா?" என்றாள். "அவளுக்குப் பெரிய வேலை குடுத்திருக்காங்கடி. மீனை விட்டா உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னது நிஜமாக இருக்கட்டும்.

உடனே எழுது.

உன் அம்மா
கினுவே


டோக்கியோ
25 ஜனவரி 1983

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். கவலைப்பட ஒன்றுமில்லை. வேலை கொஞ்சம் அதிகம். என்னை வேறு பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் பெயர் வரவில்லை. முயல் சீக்கிரம் வரும் என்று கயோவிடம் சொல்லுங்கள்.

ஏப்ரலில் அவள் ஒன்றாம் வகுப்பு சேருவதற்குள் வந்து அழைத்துக்கொள்கிறேன். அதில் மாற்றம் இல்லை.

குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்
ஃபுமி


தோகாமாச்சி
31 ஜனவரி 1983

ஃபுமி,

இது யார் எழுத்து?

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் நீ 'அம்மா' என்று எழுதினால் கடைசிக் கோட்டைக் கீழே இழுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் அச்சடித்த மாதிரி ஒழுங்காக இருக்கிறது. உன் விடுதிக்குப் போன் செய்தேன். யாரோ ஒரு பெண், "அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல ஆரம்பித்து, "இல்ல, வேலைக்குப் போயிருக்காங்க" என்று மாற்றிக்கொண்டாள்.

நேற்று நான் ஒரு தப்புச் செய்தேன். நாலாவது ஞாயிறும் முயல் இல்லை. பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல், "அதோ, கெண்டிக்குப் பின்னால போச்சே! நீ கண்ணைச் சிமிட்டிட்ட" என்று சொல்லிவிட்டேன்.

"நான் சிமிட்டவே இல்ல பாட்டி."

அப்புறம் சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "அம்மா செத்துட்டாங்களா? அதையும் எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

அவள் அப்பா தவறிப்போனபோது நீயும் நானும் ஒரு மாதம் "வேலையா வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அதை அவள் மறக்கவில்லை, ஃபுமி. என்ன இருந்தாலும் நீயே எழுது. இரண்டு வரி போதும்.

அம்மா


டோக்கியோ
6 பிப்ரவரி 1983

அம்மா,

இது என் இடது கை. கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் தொடங்கினேன், இப்போது சாயங்காலம்.

வலது மணிக்கட்டு டிசம்பரில் போய்விட்டது. புத்தாண்டுக்கு முன்னால் ஒரே ஓட்டம், ஒரு நாளைக்கு நாற்பது படம். ஒரு காலையில் பென்சில் விரலில் நிற்கவில்லை. மூன்று மாதம் வரையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன கடிதம் அறைத்தோழி எழுதியது.

"வரைய முடியாதவளுக்குப் பிள்ளை எதுக்கு, இங்கேயே இருக்கட்டும்" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்?

வேலை போகவில்லை. கை தேறும் வரை வண்ணம் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் இடது கையால் ஒரு முயல் போட்டுத் தலைவரிடம் நீட்டினேன். "என்னம்மா இது, உருளைக்கிழங்கா?" என்றார். "முயல் சார்" என்றேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். கதையில் வரும் சந்தைச் சுவரில் பிள்ளைகள் சுண்ணாம்பால் கிறுக்கியது போல அதை வைத்துவிட்டார். எந்த ஞாயிறு வரும் என்று தெரியாது. இந்த மாதக் கடைசியோ, மார்ச்சோ.

கயோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கையைப் பற்றியும்.

ஃபுமி


தோகாமாச்சி
7 மார்ச் 1983

என் கண்ணு ஃபுமி,

வந்தது.

கயோவிடம் உன் கையைப் பற்றி அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவளும் இடது கையால்தான் சாப்பிட்டாள், பாதி சோறு பாயில்தான். நேற்று நீர்நாய் அப்பா சந்தையில் வழுக்கி விழுந்தாரே, அவருக்குப் பின்னால் அந்தச் சுவர். நான் பார்க்கவே இல்லை, இது சத்தியம். கயோ எழுந்து போய் டிவியில் விரல் வைத்தாள். "காது தப்பான பக்கம் மடிஞ்சிருக்கு பாட்டி. அம்மா இடது கை!" என்றாள். பிறகுதான் அழுதாள். ஒரு மாதத்து அழுகை. அப்புறம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

இனி நான் சொல்ல வேண்டியது. ஒன்றாம் வகுப்புக்குத் தோல்பை வாங்கித் தர வேண்டியது பாட்டி, அதுதானே வழக்கம். புத்தாண்டுக்கே எல்லார் வீட்டிலும் வாங்கிவிட்டார்கள். நான் பனி என்றேன், இடுப்பு என்றேன். பை இல்லாவிட்டால் அவள் என்னை விட்டு டோக்கியோ போக மாட்டாள் என்று ஒரு கிறுக்கு நினைப்பு. நீ பயந்தாயே, அந்தப் பேச்சு என் நாக்கு நுனியில்தான் இருந்தது.

இன்று காலை போய் வாங்கிவிட்டேன். சிவப்பு. கழற்ற மாட்டேன் என்று முதுகில் மாட்டிக்கொண்டே தூங்குகிறாள். அழைத்துப்போக நீ வராதே, கையைக் கெடுத்துக்கொள்ளாதே. 27ஆம் தேதி நானே ரயிலில் கூட்டி வருகிறேன்.

ஒன்று கேட்கிறேன். ஏப்ரலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மட்டும்தான் உட்கார்ந்திருப்பேன். கை சரியானதும் எனக்கும் ஏதாவது ஒன்று வரைந்து ஒளித்து வை. என்ன என்று சொல்லாதே. நான் சிமிட்டாமல் பார்க்கிறேன்.

அம்மா