எல்லாம் அணைத்த பிறகும் இறங்குகிற பேட்டரி

சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று, இதை நீ குடியிருக்கிற வண்டிக்குள் வைத்துப் படிக்காதே. இதைக் கொண்டு வந்த லாரி மாமாவோடு டீ குடிக்கப் போகிற மாதிரி இறங்கிப் போய், லாரிக்கு அந்தப் பக்கம் நின்று படி. போனில் சொல்லாமல் இதென்ன ஆள் மூலம் கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே, காரணம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் புருஷன் நம் பேட்டரி கடைக்கு வந்தான். அப்பா ஒரு லாரி பேட்டரியை சார்ஜில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். வந்தவன் நேராக மூலையில் கிடந்த ஜாக்கி கம்பியை எடுத்து அப்பாவின் வலது முழங்கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. ஓடி வந்து தடுத்தேன், என் கூந்தலைப் பிடித்து இழுத்து பேட்டரி அடுக்கி வைத்த இரும்பு ராக்கில் மோதினான், நெற்றியில் ஏழு தையல். இரண்டு பேட்டரியை எட்டி உதைத்துக் கவிழ்த்தான், ஆசிட் தரையெல்லாம் ஓடிப் புகைந்தது. அந்தப் புகையில் நின்றுகொண்டு சவடால் வேறு. "அவ எங்க நிக்கறான்னு எனக்குத் தெரியும். நீலப் போர்வையப் போத்திக்கிட்டு, லைட்டுகூட அணைக்காம தூங்கறா. ஒழுங்கா அவள வரச் சொல்லுங்க, இல்லன்னா வண்டியோட சேத்துக் கொளுத்திடுவேன்" என்றான். நான் கைக்குக் கிடைத்த மக்கை எடுத்து "ஆசிட்டுடா" என்று கத்தி அவன் மூஞ்சியில் ஊற்றினேன். அது பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்த டிஸ்டில்ட் வாட்டர். அந்த வீராதி வீரன் கண் போச்சு கண் போச்சு என்று அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடி, பஞ்சர் கடைக்காரரின் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டான். பஞ்சர் கடைக்காரர் டயர் லீவரால் முதுகில் நாலு சாத்து சாத்தினார். தொட்டி விளிம்பில் மோதி உடைந்த ஒரு பல்லை அங்கேயே விட்டுவிட்டு பைக்கில் தப்பிவிட்டான், இன்னும் அகப்படவில்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தையல் போடும்போதுதான் எனக்குச் சுரீரென்றது. அந்த நீலப் போர்வை நீ அவனை விட்டு வந்த பிறகு நான் லாரி மாமாவிடம் கொடுத்தனுப்பியது. அதை அவன் எப்படிப் பார்த்தான்? நீ ராத்திரி சின்ன லைட் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்தாலும் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது என்று எத்தனை தடவை போனில் புலம்பினாய். அப்பா பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார், பிரிட்ஜ் இழுக்கிறது என்றார், நீ பிரிட்ஜை நிறுத்தியும் இறங்கியது. வண்டிக்குள் வேறு ஏதோ ஒன்று ராப்பகலாகத் தின்றுகொண்டிருக்கிறது, சிட்டு. கேமராவும் சிம் போட்ட டப்பாவும்தான் என்பது என் கணிப்பு, உன்னைப் பார்க்கவும் கேட்கவும் நீ நிற்கிற இடத்தைச் சொல்லவும். அதனால்தான் போன் பண்ணவில்லை.

இப்போது வண்டியில் இருக்கிற வோல்ட் மீட்டரைப் பார்ப்பதை ஒழுங்காகக் கற்றுக்கொள். நீ ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவுடன் பார்த்து புல் சார்ஜ் என்று சந்தோஷப்படுகிறாய். அப்போது அது ஏற்றிக் காட்டும். அவன் அடித்துவிட்டுப் பூ வாங்கி வருவானே, அந்த மாதிரி. இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டு, பிறகு பார். பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட் இருந்தால் நிறைவு, பன்னிரண்டு புள்ளி இரண்டு என்றால் பாதிதான், பன்னிரண்டுக்குக் கீழே போனால் பேட்டரியே கெட்டுவிடும். லாரி மாமாவிடம் ஒயரைக் கவ்விப் பிடித்து எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டுகிற கிளாம்ப் மீட்டர் கொடுத்திருக்கிறேன். பேட்டரிப் பெட்டியும் ஃபியூஸ் பெட்டியும் வெளிப்பக்கக் கதவுக்குள் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி ஒயரில் அந்த மீட்டரை மாட்டி, மாமாவை ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து உடனே திருப்பிச் செருகச் சொல். எதைப் பிடுங்கும்போது மீட்டர் பூஜ்யத்துக்கு விழுகிறதோ அதுதான். உன் பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாய் மாட்டிக் கொடுத்தானே பாட்டுப் பெட்டி, அதன் ஃபியூஸாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் படம் போனால் சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொள்வான்.

ஆனால் அதைக் கழற்றி எறிந்துவிடாதே. உனக்குக் கை துறுதுறுக்கும், எனக்கும்தான். கழற்றினால் உஷாராகி, வேறு வழியில் வேறு நாள் வருவான். லாரியில் மாமாவோடு வந்திருக்கிற பெண்மணி அவர் தங்கச்சி இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. "என் ஆளுங்க சுத்தி நிப்பாங்க, அவன் பெட்ரோல் கேனோட வரட்டும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். இருட்டியதும் நீ வழக்கம்போல லைட்டைப் போட்டுக்கொண்டு படு. மாமா வெளியே அந்த ஃபியூஸைப் பிடுங்குவார். உடனே இரண்டு தலையணையை நீளமாக வைத்து நீலப் போர்வையைப் போர்த்திவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி லாரிக்குப் போய்விடு. நீ ஏறியதும் மாமா ஃபியூஸைத் திருப்பிச் செருகுவார். அவன் வருகிறவரை தினமும் இப்படித்தான்.

அப்பாவுக்குக் கையில் மாவுக்கட்டு. இடது கையால் சாப்பிட்டு பாதியைச் சட்டைக்கு ஊட்டுகிறார், கேட்டால் பழகிவிட்டது என்கிறார். நீ பட்டினி கிடக்காதே, பயத்தில் வயிறு காயவிட்டால் புத்தி வேலை செய்யாது. இனி ஒருத்தன் கை உன் மேல் விழாமல் நீ நெடுநாள் வாழவேண்டும், அதை என் வயிற்றிலிருந்து சொல்கிறேன்.

படித்ததும் இதை மாமாவிடமே கொடுத்துவிடு, காகிதத்தோடு வண்டியில் ஏறாதே. மறக்காமல் சாயங்காலம் மீட்டரைப் பார். பன்னிரண்டரைக்குக் கீழே இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு ஏற்று. அவன் வந்து கதவைத் திறக்கிறவரைக்கும் அந்தக் கேமரா அணையக்கூடாது.

உன் அம்மா